குடைக்குப் பின்னால் இருந்த பாதி முகம்

போன கிழமை தம்பியின் மகள் கனடாவிலிருந்து என்னுடைய படமொன்றை எனக்கே அனுப்பியிருந்தாள். கைபேசியைத் திறந்தால் நான் ஓவியமாக நிற்கிறேன். பொங்கலன்று முற்றத்தில், பானைக்குப் பக்கத்தில், கண்ணுக்குள் புகை போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற என்னை, யாரோ பழைய காலத்து அரசியைக் கீறியதுபோலத் தூரிகையால் இழுத்து இழுத்துத் தீட்டியிருந்தது. கன்னத்தில் மினுக்கம். நூல் சேலையில் பொன்னிறம். மூக்கு ஓடவேயில்லை. "மாமி, ரெண்டு செக்கன்தான் எடுத்தது" என்று கீழே எழுதியிருந்தாள்.

இரண்டு செக்கன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அதே வேலைக்கு ஒரு காலத்தில் நான் அரை நாள் எடுத்திருக்கிறேன். கணினியின் விசிறி நெல் குத்துகிற மில்லைப்போல இரைய, திரையில் ஒரு நீலக் கோடு எறும்பாக ஊர்ந்து எண்பத்தேழு வீதத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பிறகு முதலிலிருந்து. இதைச் சொன்னால் அந்தப் பிள்ளை நம்பாது. நீங்களாவது நம்புங்கள்.

உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது, நான் ஆசிரியையாக வருவதற்கு முந்தி, புகைப்படங்களை ஓவியமாக்குகிற பிள்ளையாக இரண்டு வருடம் இருந்தேன். சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து ஆட்கள் போய்வரத் தொடங்கியிருந்த காலம். கணினி டிப்ளோமா ஒன்றை முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்ட எல்லாரையும்போல நானும் காத்திருந்தேன். திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதியில், ரஞ்சன் அண்ணை என்பவர் ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். கமராவைக் கையில் எடுத்தால் மன்னன். கணினி என்றால் பயம். மவுஸைத் தொடுவதற்கு முன் உடுத்திருக்கிற சாரத்தில் கையைத் துடைப்பார். கடைசியில், "தங்கச்சி, உந்த எலியை நீயே பிடி" என்று என்னை அந்த மேசையில் இருத்திவிட்டார்.

அந்தக் கடைக்கு ஒரு வாசனை இருந்தது. அச்சு மை, சூடேறின பற்றரிப் பெட்டி, படம் எடுக்க வருபவர்கள் கண்ணாடிக்கு முன் நின்று அள்ளிப் பூசுகிற முகப்பவுடர், இவை எல்லாவற்றுக்கும் மேலால், காலம் வந்தால் சந்தையிலிருந்து பலாப்பழ வாசம். இன்றைக்கும் பழுத்த பலாப்பழத்தைக் கடந்து போகும்போது எனக்குப் பசி வருவதில்லை; தூரிகைக் கோடுகள்தான் கண்ணுக்குள் வருகின்றன.

ஓவியமாக்குகிற வித்தையை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வது கூட அதிகம். மென்பொருளில் அது முதலே இருந்தது. நான் அழுத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். 'ஒயில் பெயின்ரிங்' என்று ஒரு பில்டர். படத்திலுள்ள சின்னச் சின்னப் புள்ளிகளைச் சேர்த்து எண்ணெய் வர்ணப் பூச்சுப்போல இழுத்துவிடும். முதல் பலி ரஞ்சன் அண்ணைதான். அவருடைய படத்தை ஓவியமாக்கிக் காட்டினேன். கனநேரம் பார்த்தார்.

"செத்த வீட்டிலை வைக்கிற படம் மாதிரி இருக்கடி."

"கழிச்சு விடட்டோ அண்ணை?"

"ஏன்? உயிரோடையே மாட்டுவம்."

வாசலில் மாட்டினார். அடுத்த கிழமையே பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். பட்டமளிப்புப் படம், பிறந்தநாள் படம், சோடியாக எடுத்துவிட்டு வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கெஞ்சுகிற படம், எல்லாவற்றுக்கும் ஓவியம் வேண்டும். நானும் அளவு தெரியாமல் தீட்டினேன். ஒரு மாப்பிள்ளைக்குத் தூரிகை அளவைக் கூட்டிவிட்டதில் அவருடைய மீசை உதடோடு கரைந்து, வெயிலில் வைத்த மெழுகு பொம்மைபோல நின்றார். அவர் அதை மிகவும் விரும்பி வாங்கிக்கொண்டு போனார் என்பதுதான் விசேஷம். எனக்குத் தலை கால் தெரியவில்லை. எந்தப் படத்தைத் தந்தாலும் நான் சரிக்கட்டுவேன் என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்தான் சிவலிங்கத்தார்.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது, சலவை செய்த வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. சட்டை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், கிட்ட வந்தால் காய்ந்த புகையிலை மணம் ஒன்று அவரோடு வந்தது. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

யாரோ ஒருவருடைய கலியாண வீடு. மாப்பிள்ளையை அழைத்து வருகிறார்கள். தலைக்கு மேல் குஞ்சம் வைத்த குடை பிடித்திருக்கிறது. சுற்றிவர முப்பது பேராவது இருக்கும்.

"உதிலை ஆரை ஐயா?"

விரலால் காட்டினார். இரண்டாவது வரிசையில் ஒரு இளம் பெண். சிரித்துக்கொண்டு நின்றாள். ஆனால் வலது பக்கம் மட்டும்தான் தெரிந்தது. இடது பக்கம் முழுவதும் குடையின் குஞ்சத்துக்குப் பின்னால். தெரிந்த பாதியும் ஒரு புளியங்கொட்டை அளவுதான்.

"என்ரை மனுசி. சரஸ்வதி. அவ போய்ப் பத்தொன்பது வருசம்" என்றார்.

வீட்டில் இருந்த இரண்டு அல்பங்களும் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. அடையாள அட்டை வெள்ளத்தில் ஊறி, அதிலிருந்த முகம் கரைந்துவிட்டது. இந்தப் படம் தப்பியதற்குக் காரணம், அந்தக் கலியாண வீட்டுக்காரர் அல்பத்தோடு லண்டனுக்குப் போனது. இவர் கேட்டு எழுதி, அவர்கள் தேடி அனுப்பியிருக்கிறார்கள்.

"மகளுக்கு அடுத்த மாசம் கலியாணம். தாய் போகேக்கை அவளுக்கு நாலு வயது. தாயின்ரை முகம் அவளுக்கு நினைவில்லை. மணவறைக்குப் பக்கத்திலை ஒரு படம் வைச்சு, கும்பிட்டுட்டுத்தான் அவள் தாலிக்கு இருக்கவேணும். நீர் எந்தப் படத்தையும் சரிக்கட்டுவீர் எண்டு சொன்னீர்."

சொன்னேன்தான். யார் இல்லையென்றது?

எனக்கு ஒரு நிமிடமும் தயக்கம் வரவில்லை. இளமையில் இது ஒரு வசதி. படத்தை ஸ்கான் செய்து பெருப்பித்தால், முகம் முகமாக இல்லை. வெறும் புள்ளிகள், சிந்தின குரக்கன் மணி மாதிரி. பரவாயில்லை, புள்ளியைப் பூச்சாக்கத்தானே பில்டர் இருக்கிறது. பாதி முகம் இல்லையா? இருக்கிற பாதியைத் திருப்பிப் போட்டு மறுபாதியாக ஒட்டினேன். மேலே எண்ணெய் வர்ணத்தை ஓடவிட்டேன். அன்றைக்குக் கரண்ட் கூடப் போகவில்லை. பின்னேரத்துக்கிடையில் திரையில் ஒரு பெண் சிரித்தாள். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. நான் ரஞ்சன் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். பெரிய அளவில், துணி போன்ற தாளில் அச்சடித்து வைத்தோம்.

சிவலிங்கத்தார் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்குப் பிள்ளை," என்றார். "ஆனா ஆர் இது?"

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. உங்கள் மனைவிதானே, நீங்கள் கொண்டுவந்த படம்தானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் குற்றம் சொல்லவில்லை. தன்னுடைய ஞாபகத்தில்தான் பிழையோ என்று யோசிக்கிறவர் மாதிரி, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சிரிக்கேக்கை இடது கண் சின்னனாப் போகும். ஒரு கண் சிரிக்கும், மற்றது என்னைப் பாக்கும். உதிலை ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கு."

"அவ்வளவும்தானே? திருத்திறன், இருங்கோ."

ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். அன்றைக்கும், அதற்குப் பிறகு மூன்று நாளும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்து அந்தக் கதிரையில் இருந்தார். கொஞ்சம் சின்னன். இல்லை, அவ்வளவு இல்லை. கன்னம் இன்னும் கொஞ்சம் மேலை. நான் கண்ணைச் சுருக்கினால் கோபக்காரி மாதிரி வந்தது. கன்னத்தை உயர்த்தினால் பல்வலிக்காரி மாதிரி வந்தது. ஒருநாள் நான் ஒரு கோடு இழுத்தபோது, "ஆ, கிட்ட வந்திட்டா" என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். அடுத்த கோட்டில் அவள் திரும்பவும் போய்விட்டாள். எந்தக் கோடு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. முகத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பதை அந்த நாலு நாளில்தான் விளங்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் கேட்டேன். "உங்கடை மகளுக்குத் தாயின்ரை சாயல் இருக்கோ ஐயா?"

"இல்லை. அவள் என்னைப்போலை. பாவம்."

"வேறை சொந்தக்காரர் ஆரும்?"

அவர் குடையின் பிடியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி ஒராள் இருக்கிறா. பரமேஸ்வரி. அரியாலையிலை. அச்சொட்டு அதே முகம்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதே!"

"கதை பேச்சு இல்லைப் பிள்ளை. பத்தொன்பது வருசமா."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். தலையைத் திரைப் பக்கம் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த அந்த வேறு பெண்ணுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். புகையிலை வெட்டுகிற நேரம். சரஸ்வதிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தானே என்று இவர் பொறுத்திருக்கிறார். தங்கை வந்து, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவோம், தன் வீடு கிட்டத்தானே, தான் வைத்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். வெட்டு முடியட்டும் என்றிருக்கிறார்.

"நாலு நாள். அஞ்சாம் நாள் ஏத்திக்கொண்டு போகேக்கை அவவுக்கு என்னைத் தெரியேல்லை. செத்த வீட்டிலை எல்லாருக்கும் முன்னாலை பரமேசு சொன்னவ, 'நீங்கள்தான் கொண்டது' எண்டு."

"அவ சொன்னது பொய்யில்லை" என்றார். எழும்பினார். "உதை உப்பிடியே விடும் பிள்ளை. இருக்கிறதை வைப்பம்."

இருக்கிறதை வைப்பம்! ஒரு பிள்ளை தன் தாய் என்று நினைத்து, நான் இரண்டு தரம் ஒட்டின ஒரு பாதியைக் கும்பிடப் போகிறது. எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் சாப்பிடும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் ரஞ்சன் அண்ணையிடம் கமராவைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தங்கச்சி, நாங்கள் படம் எடுக்கிற ஆக்கள். சமாதானம் செய்யிற ஆக்கள் இல்லை."

"படம் எடுக்கத்தான் போறன் அண்ணை."

அவர் கமராவின் கண்ணாடியை ஊதித் துடைத்து, பையில் வைத்து, பட்டியை என் தோளில் தானே மாட்டிவிட்டார். விழுத்திப்போடாதே என்று மட்டும் சொன்னார்.

சைக்கிளில் அரியாலைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்தேன். வணக்கம் என்று தொடங்கி, கலையைப்பற்றி இரண்டு வசனம், மன்னிப்பைப்பற்றி மூன்று வசனம். கடல்நீரேரிப் பக்கமிருந்து உப்புக் காற்று எதிரே அடித்தது. வீட்டை விசாரித்துப் பிடித்து, படலையைத் திறந்தேன். முற்றத்தில் ஒருவர் சாக்கை விரித்து இருந்துகொண்டு, ஒடியலாகக் காயவைக்கப் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தார். படலைச் சத்தத்துக்கு நிமிர்ந்தார்.

என் பேச்சு முழுவதும் காற்றோடு போய்விட்டது. இத்தனை நாளாகத் திரையில் புள்ளி புள்ளியாகப் பார்த்த முகம், கிட்டத்தட்ட ஐம்பது வயதோடு, நரையோடு, உயிரோடு என்னைப் பார்க்கிறது. அந்தத் திகைப்பில் என் வாயிலிருந்து வந்த முதல் வசனம் இதுதான்:

"அன்ரி, ஒருக்கா சிரியுங்கோ."

"ஆர் பிள்ளை நீ? என்ன விசரோ?"

விசர்தான். தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். சிவலிங்கத்தாரின் பெயர் வந்ததும் அவருடைய கை நின்றது.

"அந்த மனிசன் அனுப்பினதோ?"

"இல்லை. நானாத்தான் வந்தனான். அவருக்குத் தெரியாது."

"நல்லது. தெரியாமலே திரும்பிப் போ."

திரும்பிப் போகத்தான் வேண்டும். ஆனால் என் பையில் அந்த அச்சடித்த படத்தின் சின்னப் பிரதி ஒன்று இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் கொடுத்தேன் என்பதுதான் நேர்மையான பேச்சு. வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது அக்கா இல்லை."

"ஓம் அன்ரி. அதுதான் வந்தனான்."

"அக்கான்ரை இந்தப் பக்கம் இப்பிடி இல்லை. ஆர் இதைக் கீறினது? கண்ணைப் பார், பொம்மைக் கண்."

"நான்தான்."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பனங்கிழங்குத் தூள் ஒட்டின பெருவிரலால், படத்திலிருந்த இடது கன்னத்தை ஒருதரம் தடவினார். அழுக்குப் பட்டுவிட்டது என்று உடனே சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"கலியாணம் ஆருக்கு?"

"மகளுக்கு. வசந்திக்கு."

"தெரியும். நான் வைச்ச பேர்தான் அது."

எழும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"எங்கை இருக்கவேணும்? சொல்லு."

இந்த இடத்தில்தான், என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய துணிச்சலான காரியத்தைச் செய்தேன். "இப்ப ஏலாது அன்ரி" என்றேன். அது பின்னேரம். கலியாணப் படமோ காலை வெயிலில் எடுத்தது. வெளிச்சம் பக்கவாட்டாக விழுந்திருந்தது. இரண்டு பாதியிலும் வெளிச்சம் ஒன்றாக இல்லாவிட்டால் எந்தப் பில்டராலும் அதை மூட முடியாது. பூச்சு, புள்ளியை மறைக்கும், சுருக்கத்தை மறைக்கும், சூரியனை மறைக்காது. "நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வாறன்" என்றேன். ஒரு இரவு அவருக்கு மனம் மாறப் போதும் என்று தெரிந்தும் சொன்னேன்.

காலையில் போனபோது படலை திறந்திருந்தது. முழுகி, வெள்ளைக்கல் தோடு போட்டு, கதிரையை முற்றத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். தலை நடுவே வகிடெடுத்து வாரியிருந்தது.

"நான் பக்க உச்சிதான் பிரிக்கிறனான். அக்காதான் நடு உச்சி," என்றார். "அதுதான்."

எல்லாம் சரி. சிரிப்பு மட்டும் வரவில்லை. சிரியுங்கோ என்றால் பல்லைக் காட்டினார், கண் வேறெங்கோ நின்றது. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்றும் உதவாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில், "அக்கா உங்களுக்கு அடிக்கிறவவோ அன்ரி, சின்னனிலை?" என்று கேட்டேன்.

"அடிக்கிறதோ? அதெல்லாம் காணாது அவவுக்கு. ஒருக்கா அம்மா ஒளிச்சு வைச்ச பனங்கட்டி, ஒரு ஓலைக் குட்டான் முழுக்கத் திண்டிட்டு, ஆட்டிலை பழியைப் போட்டவ. அம்மா ஆட்டுக்கு அடிக்கிறா, இவ பக்கத்திலை நிண்டு பாவம் பாவம் எண்டு அழுகிறா. ஆடு பனங்கட்டி தின்னுமோ பிள்ளை? வாயெல்லாம் பனங்கட்டி அவவுக்கு…"

சிரித்தார். இடது கண் சின்னதாகப் போனது. மற்றது என்னைப் பார்த்தது. நான் அழுத்தினேன்.

மிச்சமெல்லாம் வேலைதான், அந்த வேலையில் நான் கெட்டிக்காரிதான்; இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. தங்கையின் இடது பாதியை அக்காவின் வலது பாதியோடு பொருத்தினேன். சுருக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க மூன்று நாள் பிடித்தது. அதன் பிறகுதான் பில்டர். இந்த முறை ஒரேயடியாக ஓடவிடவில்லை. சேலைக்கும் பின்புறத்துக்கும் பெரிய தூரிகை, கன்னத்துக்குச் சின்னத் தூரிகை. கண்களுக்குப் பில்டரை விடவேயில்லை, கையாலேயே தீட்டினேன். எண்ணெய் வர்ணம் இரண்டு படத்தின் மேலும் ஒரே நேரத்தில் ஓடி முடிந்தபோது, மூக்கின் நடுவால் போன ஒட்டு, குளத்தில் எறிந்த கல்லின் வளையம் போலக் கொஞ்சங் கொஞ்சமாக இல்லாமல் போனது. ரஞ்சன் அண்ணை பின்னால் வந்து நின்றார். போய், எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்தார்.

சிவலிங்கத்தார் வந்தார். நான் படத்தை மூடியிருந்த தாளை எடுத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. குடை கையிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்தது. அதை எடுக்கவுமில்லை. கிட்டக் குனிந்து கேட்டார்:

"இந்தக் கண் எங்காலை எடுத்தனீர் பிள்ளை?"

"பரமேஸ்வரி அன்ரியின்ரை."

"அவ இஞ்சை வந்தவவோ?"

"நான் போனனான்."

"சிரிச்சவவோ?"

"ஓம். அக்கா பனங்கட்டி களவெடுத்த கதை சொல்லிச் சிரிச்சவ."

அந்தக் கதிரையில் இருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அச்சு இயந்திரத்தில் ஏதோ பார்ப்பதுபோல மறுபக்கம் திரும்பி நின்றேன். பிறகு எழும்பி, குடையை எடுத்துக்கொண்டு, படத்தை வைத்திரும், வந்து எடுக்கிறேன் என்று வெளியே போனார். சண்டிலிப்பாய்க்குப் போகிற பஸ் வந்தது. அவர் அதில் ஏறவில்லை. யாழ்ப்பாணம் போகிற பக்கமாக வீதியைக் கடந்து நின்றார். அரியாலைக்குக் கலியாணம் சொல்லத்தான் போகிறார் என்று எனக்கு விளங்கியது. அரியாலையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் நான் கேட்டதுமில்லை.

கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் பட்டு விரித்து, மாலை போட்டு, படத்தை வைத்திருந்தார்கள். வசந்தி வந்து கும்பிட்டாள். நிமிர்ந்தவள் படத்தைப் பார்த்தாள், பிறகு சனத்துக்குள்ளே நின்ற பரமேஸ்வரியைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். "சின்னம்மா" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான். பரமேஸ்வரி வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேளகாரர் அந்த நேரம் வாசித்தது என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சிவலிங்கத்தாரோடு அவர் கதைக்கவில்லை. தாலி கட்டி முடிந்தது, அறுகரிசி போட்டார்கள், பந்தி மூன்று தரம் எழும்பியது. பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகும் சிவலிங்கத்தார் பந்தலின் ஓரத்தில் தனியாக நின்றார். பரமேஸ்வரி கையில் ஒரு வாழையிலையோடு அவருக்குப் பக்கத்தில் போனார்.

"அத்தான், இன்னும் சாப்பிடேல்லையோ?"

அவர் தலையாட்டினார். பரமேஸ்வரி இலையை விரித்து, தானே சோறு போட்டார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. "காணும் பரமேசு, காணும்" என்று அவர் சொல்லச் சொல்லப் போட்டார்.

பிறகு பரமேஸ்வரி என்னிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி, அரியாலை வீட்டில் மாட்டினார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அயலட்டைப் பெண் ஒருத்தி, "உது ஆர் மாமி படத்திலை?" என்று கேட்டாள். "நானும் அக்காவும்" என்றார் அவர். கேட்டவள் படத்தில் இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்து வன்னிப் பக்கம் போனேன். ரஞ்சன் அண்ணை பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டார். ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். அந்தக் கணினி எங்கே போனதென்று தெரியாது. அதற்குள்ளிருந்த படங்களும் அதோடு போயின. வாசலில் உயிரோடு மாட்டின ஓவியத்தை அண்ணை கழற்றிக்கொண்டு போயிருப்பார் என்று நம்புகிறேன். படத்தை ஓவியமாக்க யாரும் யாருக்குப் பக்கத்திலும் இப்போது கதிரை போட்டு இருப்பதில்லை. மருமகளிடம் கேட்டால், எதற்கு இருக்கவேண்டும் என்பாள். அவள் சொல்வதிலும் பிழையில்லை. ஆனாலும், இன்னும் கொஞ்சம் சின்னன், கன்னம் இன்னும் கொஞ்சம் மேலே என்று, தனக்குப் பிரியமான ஒரு முகத்தை இன்னொருவருக்குப் பிடித்துக் கொடுக்க மனிதர் படுகிற பாடு இருக்கிறதே, அதை நான் பிறகு எங்கேயும் காணவில்லை.

சிவலிங்கத்தார் ஆறு வருடத்துக்கு முந்திப் போனார். பரமேஸ்வரி போன வருடம். அந்தத் துக்கம் விசாரிக்கத்தான் சண்டிலிப்பாய்க்கு வசந்தி வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் இப்போது புகையிலை இல்லை, கோவாவும் பீற்றூட்டும் நிற்கின்றன. தேநீர் தந்துவிட்டு, வசந்தி சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இதிலை பாதி சின்னம்மா எண்டு தெரியும், எந்தப் பக்கம் அம்மா? அப்பாவிட்டையும் கேக்கேல்லை, சின்னம்மாவிட்டையும் கேக்கேல்லை. கேக்கக்கூடாது மாதிரி இருந்தது."

நான் விரலால் காட்டினேன். வசந்தி உள்ளங்கையை விரித்து, மற்றப் பாதியை மெதுவாக மூடினாள். கனநேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்து, தாயின் பாதியை மூடிக்கொண்டு, சின்னம்மாவைப் பார்த்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் ஊரில் மூன்று பேர் இருந்தோம். அவள் கேட்டபோது நான் ஒருத்திதான் மிஞ்சியிருந்தேன்.